கண்டியில் அச்சாகும் புத்தகங்கள் எங்கே போகின்றன?

ஒரு புத்தகம் கைக்கு வந்தவுடன் அட்டையைப் பார்க்கிறோம். பின் அட்டையில் எழுத்தாளரின் படம் இருந்தால் அதையும் பார்க்கிறோம். அதன் பிறகு நேரே கதைக்கோ கவிதைக்கோ போய்விடுகிறோம். இடையில் ஒரு பக்கத்தை எல்லோரும் தாண்டி விடுகிறோம். தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் அதன் பின்புறத்தில் சிறிய எழுத்தில் "நூல் விபரம்" என்று இருக்குமே, அந்தப் பக்கம்தான். நூலின் பெயர், ஆசிரியர், முதற்பதிப்பு, பதிப்புரிமை, வெளியீடு, அச்சு, பக்கங்கள், விலை என்று வரிசையாக இருக்கும். சிலவேளை தொலைபேசி இலக்கமும் இருக்கும். அந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்தால், கண்டியிலும் கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வெளிவந்து, கடைக்கே வராமல் இருக்கும் புத்தகங்களைத் தேடிப் பிடிக்கலாம். இதை எமது உயர்தர வகுப்புத் தமிழ் ஆசிரியை தந்த ஒரு பயிற்சியின் மூலம் நாம் கற்றுக்கொண்டோம்.

பயிற்சி இதுதான். கண்டி மாவட்டத்தில் வெளியான தமிழ் நூல்கள் ஐந்தை ஒவ்வொருவரும் ஒரு தவணைக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றை வாசித்து ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுத வேண்டும். பாடநூல், வழிகாட்டி, வினா விடை எதுவும் கணக்கில் சேராது. முதல் வாரம் எல்லோரும் டவுனில் உள்ள கடைகளுக்குத்தான் போனோம். கொப்பி, பேனை, கடந்தகால வினாத்தாள்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த நாவல்கள், சமையல் புத்தகங்கள் எல்லாம் இருந்தன. எங்கள் ஊர்ப் பக்கம் எழுதிய புத்தகம் இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர், "அப்படி யாரு மகள் எழுதுறாங்க?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் ஆசிரியை தமது வீட்டிலிருந்து ஏழெட்டுப் புத்தகங்களைக் கொண்டு வந்து மேசையில் பரப்பி, எல்லோரையும் நூல் விபரப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

"அச்சு" என்பதும் "வெளியீடு" என்பதும் ஒன்றல்ல என்பது முதற் பாடம். அச்சகம் கூலிக்கு அச்சடித்துக் கொடுக்கும். புத்தகத்தின் செலவையும் பொறுப்பையும் ஏற்பவர்தான் வெளியீட்டாளர். அச்சு கொழும்பிலும் வெளியீடு மடவளையிலும் இருக்கலாம். அக்குறணையைச் சேர்ந்த ஒருவரின் புத்தகத்தில் சென்னை முகவரி இருக்கவும் கூடும். சென்னையிலுள்ள மணிமேகலைப் பிரசுரம் இலங்கை எழுத்தாளர்கள் பலரின் நூல்களை வெளியிட்டிருப்பதே அதற்கு உதாரணம். ஆகவே ஒரு நூல் எந்த ஊருக்குரியது என்பதை ஒரே ஒரு வரியை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

அடுத்தது ஐ.எஸ்.பி.என். என்ற அந்த நீண்ட இலக்கம். கொழும்பிலுள்ள தேசிய நூலக மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபையே இலங்கையில் இதனை வழங்குகிறது. 978க்குப் பிறகு 955 என்றோ 624 என்றோ வந்தால் அது இலங்கைக்குரிய இலக்கம். 624 பிந்தி வந்தது, எனவே அது இருந்தால் புத்தகம் அண்மைக்காலத்தது என்று ஊகிக்கலாம். பழைய புத்தகங்களில் இந்த இலக்கமே இருக்காது. அது குறையல்ல, அன்று அந்த ஏற்பாடு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது "வெளியீடு" என்ற வரிதான். ஆசிரியை கொண்டுவந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்ட புத்தகங்களில் அந்த இடத்தில் எழுத்தாளரின் பெயரே இருந்தது, அல்லது எழுத்தாளரின் வீட்டு முகவரியில் ஒரு பதிப்பகத்தின் பெயர் இருந்தது. அதாவது எங்கள் பகுதியில் பதிப்பகம் என்பது பெரும்பாலும் பெயர்ப்பலகை போட்ட ஒரு கட்டடம் அல்ல. ஒரு வீட்டின் முன் அறை. கட்டிலுக்குக் கீழே நான்கு பெட்டி.

இது ஏன் என்று விளங்க வேண்டுமானால் ஒரு புத்தகம் இங்கே எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் பத்து வருடங்களாகப் பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் எழுதுகிறார், வானொலி முஸ்லிம் சேவைக்கும் அனுப்புகிறார். வந்தவற்றை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைக்கிறார். ஒரு நாள் அதைத் தொகுப்பாக்கும் ஆசை வருகிறது. கணினியில் தட்டெழுதுவதற்குக் காசு, அட்டைப் படத்துக்குக் காசு, தாளுக்கும் அச்சுக்கும் காசு. பிள்ளையின் கல்யாணத்துக்குச் சேர்த்ததிலோ ஓய்வூதியப் பணத்திலோ கொஞ்சம் எடுத்து முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சிடுகிறார். தேசிய நூலக சபையின் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களும் உண்டு, கிடைத்தால் நல்லது. அதன் பிறகு வெளியீட்டு விழா. விழாவில் ஒரு பகுதி விற்கும். இன்னொரு பகுதி உறவினருக்கும் நண்பருக்கும் அன்பளிப்பாகப் போகும். மீதியைக் கடையில் வைக்கலாம் என்றால், கடைக்காரர் தமது கழிவை எடுத்துக்கொண்டு விற்ற பிறகுதான் காசு தருவார். அந்தக் காசை வாங்க நான்கு தடவை பஸ் ஏறிப் போனால் பஸ் காசுக்கே சரியாகிவிடும். மிஞ்சியவை பெட்டிக்குள் போகின்றன.

2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அந்த நேரம் கவிதைத் தொகுதி அச்சிட எவருக்குத் தாள் கிடைத்திருக்கும்? அதன் பிறகு விலை ஏறியது, பிரதிகள் குறைந்தன.

ஆனால் இந்த வீட்டுப் பதிப்பகங்களைச் சின்ன விடயம் என்று நினைத்துவிடக் கூடாது. கண்டியின் தமிழ் வெளியீட்டு வரலாறே இப்படிப்பட்ட தனி மனிதர்களால் ஆனதுதான். சட்டத்தரணியாக இருந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கியது இதே கண்டியில். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப்படும் "அசன்பேயுடைய கதை" 1885இல் அவருடைய கையிலிருந்து வந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. நாம் இன்று இப்படி ஒரு சஞ்சிகையில் எழுதுவதற்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அங்கும்புர வழியாகப் போனால் கல்ஹின்னை வரும். பள்ளிவாசலும் வயலும் தோட்டங்களுமாக உள்ள ஒரு கிராமம். அந்த ஊரைச் சேர்ந்த எஸ்.எம். ஹனிபா "தமிழ்மன்றம்" என்ற பெயரில் புத்தகம் வெளியிடத் தொடங்கினார். 1953இல் தமிழ்மன்றம் சு. வித்தியானந்தனின் "இலக்கியத் தென்றல்" நூலை வெளியிட்டது. 1954இல் அவருடைய "தமிழர் சால்பு" வந்தது. வித்தியானந்தன் அன்று இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அதே 1953இல் எம்.எம். உவைஸ் ஆங்கிலத்தில் எழுதிய, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்புப் பற்றிய ஆய்வு நூலையும் தமிழ்மன்றமே வெளியிட்டது. சீறாப்புராணம் ஒன்றுதான் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று பலர் நினைத்திருந்த காலத்தில், அதற்கு அப்பால் எவ்வளவோ இருக்கிறது என்று காட்டிய நூல் அது.

இதில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. இந்துத் தமிழறிஞர் ஒருவரின் சங்ககால ஆய்வை மலைநாட்டு முஸ்லிம் கிராமம் ஒன்றின் பெயர் தாங்கிய வெளியீட்டகம் நாட்டுக்குக் கொடுத்திருக்கிறது. இன்று பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் மேற்கோள் காட்டும் நூல்களின் அடியில் "தமிழ்மன்றம், கண்டி" என்று இருப்பதை எங்களில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? கல்ஹின்னையில் உறவினர் உள்ள என் வகுப்புத் தோழிக்கே இது புதுத் தகவலாக இருந்தது. ஊருக்குப் போனால் மாமியின் வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்வோம், அந்த ஊர் எதை அச்சிட்டது என்று கேட்டதில்லை.

அடுத்த பெயர் எங்களுக்குப் பரிச்சயமானது, ஆனால் வேறு விதத்தில். கட்டுகஸ்தோட்டைக்கும் மடவளைக்கும் இடையில் உள்ள உடத்தலவின்னையிலிருந்து பீ.எம். புன்னியாமீன் நடத்தியது "சிந்தனை வட்டம்". தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு வழிகாட்டி வாங்கியவர்கள் இந்தப் பெயரைக் கண்டிருக்கலாம். என் தாத்தாவின் பழைய வழிகாட்டிகளுக்கு இடையே எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதே முகவரியிலிருந்து இலங்கையின் பல ஊர்களையும் சேர்ந்த எழுத்தாளர்களின் சிறுகதை, கவிதை, ஆய்வு நூல்கள் வெளிவந்திருக்கின்றன. மொத்தம் இருநூறுக்கும் மேற்பட்ட வெளியீடுகள். விற்கும் புத்தகம் ஒன்று விற்காத புத்தகம் ஒன்றைத் தாங்கிப் பிடிக்கும் என்பதை வியாபாரம் படிக்கும் மாணவிகள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

புன்னியாமீன் செய்த இன்னொரு வேலை எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. இலங்கை எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள் பற்றிய விபரத்திரட்டைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். பெரிய எழுத்தாளர்கள் மாத்திரம் அல்ல, இரண்டு புத்தகம் எழுதிவிட்டு அமைதியாகிப் போனவர்களும் அதில் இருக்கிறார்கள். பிறந்த ஊர், படித்த பாடசாலை, எழுதிய நூல்கள் எல்லாம் உண்டு. அவர் 2016இல் காலமானார். அந்தத் தொகுதிகளில் ஒன்றைப் புரட்டியபோது எமது பக்கத்து ஊர்களைச் சேர்ந்த பெண்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எனது ஐந்து புத்தகங்களில் இரண்டுக்கு வழி அங்கேதான் கிடைத்தது.

மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்வைச் சொல்லும் நூல்களுக்கு அந்தனி ஜீவாவின் "மலையக வெளியீட்டகம்" கண்டியில் ஒரு தளமாக இருந்தது. டொக்டர் தி. ஞானசேகரன் "ஞானம்" சஞ்சிகையை 2000ஆம் ஆண்டு ஜூனில் கண்டியிலிருந்துதான் தொடங்கினார், பின்னர் அது கொழும்புக்குப் போனது. சஞ்சிகைகளைத் தேடுவதில் ஒரு இலாபம் இருக்கிறது. அவற்றில் நூல் அறிமுகப் பகுதி இருக்கும். யார் என்ன வெளியிட்டார், எங்கே கிடைக்கும் என்று அதில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் இலக்கியப் பக்கத்திலும் இப்படி வருவதுண்டு. அதை வெட்டி வைப்பது ஐந்து நிமிட வேலை.

கண்டிக்கு வெளியே இருந்து ஓர் உதாரணம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அது பெண்களால் நடத்தப்பட்டது. வெலிகம ரிம்ஸா முஹம்மதும் தியத்தலாவ எச்.எப். ரிஸ்னாவும் சேர்ந்து "பூங்காவனம்" என்ற இலக்கியச் சஞ்சிகையைக் கொண்டுவந்தார்கள். அதன் அட்டையில் பெண் படைப்பாளிகளின் படங்கள் வரும். எழுதுவது மாத்திரமல்ல, வெளியிடுவதும் முஸ்லிம் பெண்களால் முடிந்த வேலைதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இனி, வெளியீட்டு விழா. புதிய நூலை வந்த அன்றே காண விரும்பினால் அதைவிட நேர்வழி கிடையாது. வாப்பாவிடம் கேட்டபோது, "அங்க பெரிய ஆக்கள்தானே போவாங்க" என்றார். பிறகு அவரே கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்தில் பெண்களுக்கென்று ஒரு பக்கம் கதிரைகள் போட்டிருந்தார்கள். மாணவிகளாக இருந்தது நானும் என் தோழியும்தான். கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் எல்லாம் நீண்டுகொண்டே போயின. நூல் ஆய்வுரை வந்தபோது பாதிப் பேர் தேநீருக்கு எழும்பிவிட்டார்கள், உண்மையில் கேட்க வேண்டியதே அந்த உரைதான். புத்தகத்தை முழுமையாக வாசித்துவிட்டு வருபவர் அவர் ஒருவரே.

முதற்பிரதி வாங்குவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஊரின் வசதியான ஒருவரை மேடைக்கு அழைத்து முதற்பிரதியைக் கொடுப்பார்கள். அவர் விலையைவிடப் பல மடங்கு வைத்து ஒரு கடித உறையைக் கொடுப்பார். அடுத்தடுத்து உறைகள் வரும். இதைப் பகட்டு என்று சொல்பவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அச்சகக் கடனின் ஒரு பகுதி அந்த உறைகளால்தான் அடைகிறது. ஆனால் உறை கொண்டுவராத எங்களைப் போன்றவர்கள் புத்தகம் வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை. விழா முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார்கள், அச்சிட்ட விலையைக் கொடுத்து வாங்கலாம். எங்களுக்கு விலையையும் குறைத்து, கையொப்பமும் இட்டு, "எந்த ஸ்கூல் மகள்?" என்று அந்த எழுத்தாளர் கேட்டார். அவருடைய மேசைக்கு வந்த பாடசாலைப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான் என்றும் சொன்னார்.

பழைய நூல்களுக்கு வேறு வழி, வீட்டு அலுமாரி. என் சாச்சியின் அலுமாரியில் மெல்லிய ஒரு கவிதைத் தொகுதி இருந்தது. தொண்ணூறுகளில் வெளிவந்தது. அவருக்குப் படிப்பித்த டீச்சர் எழுதியது. நூல் விபரத்தில் வெளியீடு என்ற இடத்தில் அக்குறணைப் பக்கம் ஒரு வீட்டு முகவரி. "டீச்சர் இன்னும் அதே வீட்டிலதான் இருக்காங்க" என்றார் சாச்சி. ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம்.

டீச்சருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டதாகவும், விழாவில் நூறு போல விற்றதாகவும் நினைவிலிருந்து சொன்னார். அறையின் மூலையில் வைத்த பெட்டிகளில் கறையான் ஏறிவிட்டது. தப்பியவற்றைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டார். கடைசியில் அவரிடம் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பிரதி. அதைப் பழைய பிடவைத் துண்டொன்றில் சுற்றி வைத்திருந்தார். "வாசிக்கத் தாறன் மகள், கொண்டு போகத் தர ஏலாது" என்றார். அவரும் சாச்சியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு மணித்தியாலத்தில் நான் முன் விறாந்தையில் இருந்து அதை முழுவதும் வாசித்தேன். சாச்சியின் பிரதியில் கிழிந்து போயிருந்த நான்கு பக்கங்களை அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பத்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டுக் கல்யாணம் முடித்துப் போன ஒரு மாணவியின் வெறுமையான கதிரையைப் பற்றி அதில் ஒரு கவிதை இருக்கிறது. இடாப்பில் அவளுடைய பெயரைச் சிவப்புக் கோட்டால் வெட்டுவது ஆசிரியையின் கடமை. அந்தக் கோட்டைப் போட முடியாமல் பேனையை மூடிவிட்டு எழும்பிப் போவதோடு கவிதை முடிகிறது. எமது பாடத்திட்டத்தில் நல்ல கவிதைகள் பல உண்டு, ஆனால் நான் இருக்கும் வகுப்பறையைப் போன்ற ஒரு வகுப்பறையை முதன்முதலாக ஒரு கவிதையில் கண்டது அங்கேதான். அந்தக் கவிதைக்கு இப்போது இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்து இரண்டு பிரதிகள், அதிலும் ஒன்று கிழிந்தது. புத்தகத்தின் பெயரைக் கட்டுரையில் போடலாமா என்று கேட்டதற்கு, "போட்டா எல்லாரும் கேட்பாங்க, குடுக்க என்னட்ட இல்லையே" என்று சிரித்தார். எனவே போடவில்லை.

சட்டப்படி பார்த்தால் ஒரு பிரதி வேறு எங்காவது இருக்க வேண்டும். அச்சிடப்படும் நூல்களின் பிரதிகளை அரசுக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் 1885ஆம் ஆண்டு தொடக்கம் இருக்கிறது. சித்திலெப்பையின் நாவல் வந்த அதே ஆண்டு! சுவடிகள் திணைக்களத்துக்கும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் இந்த வகையில் பிரதிகள் சேர்கின்றன. ஆனால் சிறிய அச்சகங்களும் தாமாகவே வெளியிடும் எழுத்தாளர்களும் அனுப்ப மறந்துவிடுவது நடக்கக்கூடியதுதான். டீச்சருக்கு அனுப்பிய ஞாபகம் இல்லை.

இப்படித் தவறிப் போனவற்றைச் சேர்க்க வேறு சிலரும் பாடுபடுகிறார்கள். லண்டனில் வாழும் நூலகர் என். செல்வராஜா "நூல்தேட்டம்" என்ற பெயரில் ஈழத்துத் தமிழ் நூல்களின் விபரங்களைத் தொகுத்து வருகிறார். முதல் தொகுதி 2002இல் வந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் நூல்களின் குறிப்புகள். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் ஸ்கேன் செய்து இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. ஒன்றைத் தேடுமுன் இந்த இரண்டிலும் பார்ப்பது நல்லது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத நூல்களும் சுவடிகளும் அதோடு போயின என்று படித்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் எவரும் எரிக்கவில்லை. கறையானே போதும்.

தேடிக் கிடைத்த எல்லாம் நல்ல புத்தகங்கள்தானா என்று கேட்டால், இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். எனது ஐந்தில் ஒன்றை முடிக்கவே சிரமப்பட்டேன். எழுபது பக்கத் தொகுதியில் பதினெட்டுப் பக்கம் அணிந்துரையும் வாழ்த்துரையும். அவற்றில் ஒருவர் நூலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் நூலாசிரியரின் தகப்பனாரைப் பற்றியே எழுதி முடித்திருந்தார். ஒப்புநோக்குபவர் இல்லாததால் ணகர, னகரப் பிழைகள் பக்கத்துக்குப் பக்கம். எனவே நான் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டேன். அணிந்துரைகளை விட்டுவிட்டு "என்னுரை"யை மட்டும் வாசிப்பேன். பிறகு நூலின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிப்பேன். முதல் கதையையும் கடைசிக் கதையையும் எவரும் கவனமாகத் தெரிவு செய்துதான் வைப்பார்கள், நடுவில் வைத்ததே எழுத்தின் உண்மையான தரத்தைக் காட்டும். ஊர்க்காரர் என்பதற்காகப் புள்ளி கூட்டிப் போடுவதை எழுத்தாளர்களும் விரும்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆசிரியையும் எங்கள் ஒரு பக்கக் குறிப்புகளில் "அருமை", "சிறப்பு" என்று வந்த இடங்களையெல்லாம் வெட்டி, "எது?" என்று பக்கத்தில் எழுதினார்.

பெற்றோர்களுக்கும் ஒரு விடயம். ரியூசனுக்கும் வழிகாட்டிகளுக்கும் மாதாமாதம் நீங்கள் கஷ்டப்பட்டுக் கொடுப்பது எங்களுக்குத் தெரியும். கதைப் புத்தகம் என்றால் பரீட்சை முடியட்டும் என்று சொல்வதும் எங்கள் நன்மைக்குத்தான். ஆனால் உங்கள் அலுமாரியில், வாப்பும்மாவின் பெட்டகத்தில், எப்போதோ ஒரு விழாவில் உறை கொடுத்து வாங்கி ஒரு பக்கம்கூடத் திறக்காத புத்தகம் ஒன்று இருக்கும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. வீடு பூசும்போது பழைய தாளோடு சேர்த்துக் கொடுத்துவிடுமுன் நூல் விபரப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். அத்தோடு, பக்கத்து ஊரில் வெளியீட்டு விழா என்று அழைப்பிதழ் வந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியே போக எங்களுக்கு அனுமதியும் இல்லை, துணிவும் இல்லை.

பயிற்சியின் முடிவில் வகுப்பில் சேர்ந்த புத்தகங்களைக் கொண்டு கல்லூரி நூலகத்தில் ஓர் இறாக்கை ஒதுக்கப்பட்டுள்ளது. தமிழ்ப் பிரிவின் யன்னலோரம் உள்ள இறாக்கை அது. எழுத்தாளரின் பெயர் வரிசையில் அல்லாமல் ஊர் வரிசையில் அடுக்கியிருக்கிறோம். அக்குறணை, உடத்தலவின்னை, கம்பளை, கல்ஹின்னை, மடவளை என்று போகும். நூலகவியல் முறைக்கு இது பொருந்தாது என்று நூலகப் பொறுப்பாசிரியை சொன்னார், ஆனால் பிள்ளைகள் முதலில் தங்கள் ஊரைத்தான் தேடுவார்கள் என்று விட்டுவிட்டார். இரவல் கொடுக்கும் புத்தகங்களுக்கும் அங்கேயே இருந்து வாசிக்க வேண்டியவற்றுக்கும் வெவ்வேறு நிறத்தில் துண்டு ஒட்டியிருக்கிறோம். ஒரே பிரதி உள்ளவற்றுக்குச் சிவப்பு.

டீச்சரின் கவிதைத் தொகுதியை, சாச்சியின் பிரதியையும் நான் பார்த்து எழுதிய நான்கு பக்கங்களையும் சேர்த்து, அவருடைய அனுமதியுடன் ஸ்கேன் செய்வதற்குக் கொடுத்திருக்கிறோம். இறாக்கையில் 1960க்கு முந்திய புத்தகம் ஒன்றுகூட இன்னும் இல்லை. தமிழ்மன்றத்தின் பழைய வெளியீடு எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால், தர மனமில்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாள் பார்க்கத் தாருங்கள். வியாழக்கிழமை இடைவேளையில் பதிவேட்டோடு நாங்கள் நூலகத்தில் இருப்போம்.